நாடாவும் பிரதியும்

பழைய வீடியோக் கசற்றுகளைக் கணினியில் ஏற்றிவிட்டால் அவை காப்பாற்றப்பட்டுவிட்டன என்னும் எண்ணம் இன்று படித்தோர் மத்தியிலும் வேரூன்றியுள்ளது. வீட்டிலே கல்யாண வீடியோ வைத்திருப்போர் முதல், கூத்தையும் நாடகத்தையும் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டோர் வரை இவ்விடயத்தில் வேறுபாடில்லை. கசற் ஸ்ரூடியோவுக்குச் செல்கின்றது. சில நாள்களில் ஒரு 'பென்' திரும்பி வருகின்றது. அதன்பின் கசற் குப்பைக்கும், அதனை இயக்கிய டெக் பழைய இரும்புக்காரரிடமும் போய்ச் சேருகின்றன. இதற்கு 'ஆவணப்படுத்தல்' என்று பெயரும் சூட்டப்படுகின்றது. உண்மையில் இங்கு நிகழ்வது யாது? மூலத்தை ஒரே ஒரு முறை, அதுவும் மிக மலிவான வழியிலே பெயர்த்தெழுதிவிட்டு, மூலத்தை அழித்துவிடுதலேயாம். பாதுகாப்பு என்னும் பெயரால் நடைபெறும் இவ்வழிவைக் கண்டிப்பதற்குத் தொழினுட்பவியலாளரைக் காத்திருக்க வேண்டியதில்லை. இதனை முதலிற் கண்டித்திருக்க வேண்டியவர்கள் கலைப்பீடத்தினரே.

தமிழ் பயிலும் மாணவருக்கு இஃது அறியாத கதையன்று. ஓலைச் சுவடிகள் அழிந்தமைக்குக் கறையான் மாத்திரம் காரணமன்று. பயன் முடிந்துவிட்டதெனக் கருதப்பட்ட ஏடுகள் ஆடிப்பெருக்கிலே ஆற்றில் விடப்பட்டமையையும் ஓமத்தீயில் இடப்பட்டமையையும் உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் வருத்தத்தோடு எழுதியுள்ளார். அவ்வாறு செய்தோர் தமிழின் பகைவர் அல்லர். ஏட்டைப் புனிதமெனப் போற்றியவர்களே. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும் 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றியபோது கையிற் கிடைத்த ஓர் ஏட்டோடு அமைந்துவிட்டாரல்லர். பல பிரதிகளைத் தேடினார், ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார். ஒரு பிரதியில் விடுபட்டது பிறிதொன்றில் இருக்கக்கூடும் என்பதும், ஏடு பெயர்த்தெழுதுவோன் தவறு செய்வான் என்பதும் பதிப்புத்துறையின் அரிச்சுவடி. பாடபேதம் பற்றிப் பரீட்சை மண்டபத்திலே பக்கம் பக்கமாக எழுதும் மாணவர், வீடியோ நாடாவும் ஓர் ஏடே என்றும், அதனைக் கணினிக்குப் பெயர்க்கும் கருவி பிழைவிடும் ஏடெழுதுவோனே என்றும் எண்ணிப் பாராமை வியப்பிற்குரியது.

இந்நாடாக்களின் பெறுமதி பற்றி ஐயுறுவோரும் உளர். கல்யாணமும் பிறந்தநாளும் யாருக்கு வேண்டும் என்பது அவர்கள் வினா. வீ. எச். எஸ். முறையை ஜே. வீ. சி. நிறுவனம் 1976 இல் ஜப்பானில் அறிமுகஞ் செய்தது. இலங்கையில் 1979 இற் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் சென்றோர் கொணர்ந்த பொருள்களுள் டெக்கும் ஒன்றாயிற்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளை மேடையேற்றிய 1960களில் வீட்டு வீடியோக் கசற் பிறந்திருக்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்தோ, கிராமத்துக் கூத்து, கோயிற் திருவிழா, அரங்கேற்றம், பாடசாலை நாடகம், செத்தவீடு ஆகிய அனைத்தையும் ஊரிற் கல்யாணம் படம்பிடிப்பவரே தோளிற் கமராவைச் சுமந்து பதிவு செய்தார். கலை வரலாறு எழுதுவோர் அவர் பெயரை அறியார். ஆயினும் அண்ணாவியார் ஒருவரின் ஆட்டத்துக்கு இன்று எஞ்சியுள்ள ஒரே சான்று அவர் எடுத்ததாக இருக்கலாம். கல்யாண வீடியோவே கூட எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பின்னரும், 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒருசேரப் பெயர்ந்த பின்னரும், 2009 இல் வன்னியிற் போர் முடிந்த பின்னரும் எஞ்சியிருக்கும் ஒரு நாடாவில், மணவறைக்குப் பின்னாலே தெரியும் வீடும் வளவும் முற்றமும் வேறெந்த ஆவணத்திலும் இல்லாதிருக்கலாம்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை ஆண்டுதோறும் நினைவுகூரும் சமூகம் இது. நினைவுகூர்தல் நன்றே. ஆனால் எரித்தவனைச் சுட்டும் விரல், அலுமாரிக்குள் ஈரமும் பங்கசும் ஏறி மடியும் நாடாவின்பாற் திரும்புவதில்லை.

இனி, நாடாவைக் கணினியோடு இணைப்பதில் அப்படி என்ன சிக்கல் உண்டு என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். இதனை விளங்கிக் கொள்ளாமையே மேற்கூறிய தவறுகளுக்கெல்லாம் வேராகும்.

நாடாவிலே இருப்பது படமன்று. படத்தைத் தோற்றுவிக்கும் மின் சைகையின் காந்தச் சுவடு. வீ. எச். எஸ். நாடாவின் அகலம் 12.7 மில்லிமீற்றர். 62 மில்லிமீற்றர் விட்டமுடைய உருளையொன்று செக்கனுக்கு 25 முறை சுழல, அதிற் பொருத்தப்பட்ட காந்தத் தலைகள் நாடாவின் குறுக்கே சரிந்த கோடுகளாகச் சைகையை எழுதுகின்றன; மீள வாசிப்பதும் அவ்வாறே. இலங்கையில் வழங்கும் பீ. ஏ. எல். முறையில் ஒரு படச் சட்டகம் 625 கோடுகளாற் பகுக்கப்பட்டு, ஒற்றைக் கோடுகள் ஓர் அரைச் சட்டகமாகவும் இரட்டைக் கோடுகள் மற்றோர் அரைச் சட்டகமாகவும் அடுத்தடுத்து வருகின்றன. செக்கனுக்கு இத்தகைய அரைச் சட்டகங்கள் 50. ஒரு கோட்டுக்குரிய காலம் செக்கனைப் பத்து இலட்சமாக வகுத்ததில் 64 பங்கு. முப்பது, நாற்பது ஆண்டுகள் கிடந்த நாடா இழுபட்டிருக்கும். டெக்கின் றப்பர் உறுப்புகள் தேய்ந்திருக்கும். ஆகவே கோடுகள் தத்தம் காலத்தில் வந்து சேரா. ஒன்று சற்று முந்தும், ஒன்று சற்றுப் பிந்தும். பழைய தொலைக்காட்சிப் பெட்டி இதனைப் பொறுத்துக்கொண்டது. படத்தின் மேல்விளிம்பு சற்று வளைந்து தோன்றியதன்றி வேறொன்றும் நிகழவில்லை. கணினியோடு பொருத்தும் கப்ச்சர் கருவியோ அவ்வாறு பொறுப்பதன்று. அது சைகையை எண்களாக மாற்றுவது. குறித்த கணத்தில் குறித்த கோடு வருதல் வேண்டும். வராவிடின் நேர்கோடுகள் நெளியும். ஒத்திசைவுத் துடிப்பே தவறினால் சட்டகம் முழுவதும் கைவிடப்படும், அல்லது முந்திய சட்டகமே மீளப் பதியப்படும். திரையிலே இதுபற்றி யாதோர் அறிவித்தலும் தோன்றாது. ஏடெழுதுவோன் ஒரு வரியைத் தாண்டிச் சென்றுவிட்டான். ஏடோ நிறைவாகத் தோன்றுகின்றது.

இக்குறையை நீக்குதற்கென்றே நேரத் திருத்தி என்னும் கருவி உளது. வந்து சேரும் கோடுகளைத் தன்னகத்தே தேக்கி, ஒழுங்கான இடைவெளியில் வெளிவிடுவது அதன் தொழில். பிற்காலத்து உயர்தர எஸ். வீ. எச். எஸ். டெக்குகள் சிலவற்றில் இஃது உள்ளேயே அமைந்திருந்தது. தனிக்கருவி கிடைக்காதவிடத்துச் சிலவகைப் பழைய டிவிடி பதிவுக் கருவிகளின் ஊடாகச் சைகையைச் செலுத்துவதாலும் ஓரளவு பயன் உண்டு என்பது இத்துறையிற் பழகியோர் அறிந்ததே. சந்தையில் விற்கும் மலிவான யூ. எஸ். பி. கருவிகளில் இத்தகைய ஏற்பாடு எதிர்பார்க்கத்தக்கதன்று. ஆனால் பெரும்பாலான 'ஆவணப்படுத்தல்' நடைபெறுவது அவற்றைக் கொண்டே.

இதன் விளைவைக் கூத்தைக் கொண்டு காட்டலாம். வடமோடியாயினும் தென்மோடியாயினும் மத்தளத்துக்கும் சல்லரிக்கும் ஆட்டக்காரரின் காலுக்கும் உள்ள உறவே கூத்தின் உயிர். பெயர்ப்பின்போது நிமிடத்துக்கு ஐந்து சட்டகங்கள் தவறின எனக் கொள்க. ஒரு மணிநேரத்தில் அவை 300 ஆகும். அஃதாவது 12 செக்கன் படம் இல்லை. ஒலியோ தன்பாட்டிலே ஓடிக்கொண்டிருக்கும். மூன்று மணிநேர நாடாவின் இறுதியை அடையும்போது மத்தளம் ஓரிடத்திலும் சதங்கை பிறிதோரிடத்திலும் நிற்கும். சில மென்பொருள்கள் இவ்விடைவெளியைத் தாமே மறைத்து ஒட்டுப்போட்டுவிடும். அது இன்னும் கேடு. நாளை ஓர் ஆய்வாளர் அக்கோவையை வைத்துக்கொண்டு, இவ்வட்டாரத்து ஆட்டக்காரர் தாளத்தை நெகிழவிட்டு ஆடும் வழக்கமுடையவர் என்று கட்டுரை எழுதுவார். அடிக்குறிப்பும் இடுவார். கணினியின் பிழை ஊரின் மரபாகிவிடும்.

இதனோடு முடிந்ததா? இல்லை. மலிவான கருவிகளும் அவற்றோடு வரும் மென்பொருள்களும் இரண்டு அரைச் சட்டகங்களையும் ஒன்றாகக் குழைக்கின்றன, அல்லது ஒன்றை எறிந்துவிடுகின்றன. செக்கனுக்கு 50 கணங்களாக நாடா காத்து வைத்த காலசைவு 25 ஆகக் குறைகின்றது. விரைவான மிதிகள் கோட்டுருக்களாக மங்குகின்றன. அண்மையிற் புதிதாக வேறொரு வழக்கம் பரவியுள்ளது. டெக்குக்கும் கணினிக்கும் இடையே, பழைய சைகையை எச். டி. எம். ஐ. ஆக மாற்றும் சிறு பெட்டியொன்றைச் செருகி, படத்தை 'எச். டி.' ஆக்கிவிட்டோம் எனப் பெருமை கொள்வதே அது. இல்லாத விவரத்தை ஊகித்து இடைச்செருகலாக நிரப்புவதை எந்தப் பதிப்பாசிரியன் செய்தாலும் தமிழ்த்துறை அவனை விட்டுவைக்குமா?

இணைக்கும் வயரிலும் வேறுபாடு உண்டு. டெக்கின் அன்ரனாத் துளை வழியே எடுப்பது மிகத் தாழ்ந்தது. மஞ்சட் செருகி வழியே எடுப்பது அதனினும் நன்று. ஒளிர்வையும் நிறத்தையும் தனித்தனியே கொண்டு செல்லும் எஸ். வீடியோ வழி இருந்தால் அதுவே கொள்ளத்தக்கது. நாடாவில் அவ்விரண்டும் வேறு வேறாகவே எழுதப்பட்டுள்ளன. ஒருமுறை கலந்து மறுபடியும் பிரிக்கும்போது விளிம்புகளிலே புள்ளிகள் ஊர்வதைக் காணலாம்.

மேற்கூறியவற்றுக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களுள் வலியது ஒன்றுண்டு. வீ. எச். எஸ். படமே மங்கலானது, அதன் கிடைத்தெளிவு ஏறக்குறைய 240 கோடுகள் மட்டுமே, மங்கலானதைப் பெயர்க்க உயர்ந்த கருவி எதற்கு என்பதே அவ்வாதம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினும் இது தலைகீழான நியாயம். செழுமையுடையவன் சிறிது இழப்பதால் வறியவனாகான். உள்ளதே சிறிதாயின் அதில் ஒரு பிடியை இழத்தலும் பேரிழப்பு. மேலும், பழைய நாடாவின் படத்திலே மணல் தூவினாற்போல் இரைச்சல் நிறைந்திருக்கும். கோவையைச் சுருக்கும் முறைகள் அவ்விரைச்சலையே அசைவு என மயங்கித் தம் கொள்ளளவை அதிலே செலவிட்டு, முகங்களைச் சதுரத் துண்டுகளாக்கிவிடுகின்றன. மங்கலான நாடாவிலே பேத்தி அடையாளங் கண்டுகொள்ளும் அம்மம்மாவின் முகம், மணிக்கு ஒரு கிகாபைற் அளவாய்ச் சுருக்கிய கோவையிலே முகமாகவே எஞ்சுவதில்லை. அமுக்காது எடுத்தால் ஒரு மணிநேரப் படத்துக்கு ஏறக்குறைய 75 கிகாபைற் வேண்டும். இத்தொகை ஒரு காலத்தில் அச்சுறுத்தியது. இன்று 4 ரெராபைற் கொள்ளும் வன்தட்டு ஒன்றில் ஐம்பது மணிநேரத்துக்கு மேல் அடங்கும். யாதொன்றையும் இழக்காமற் சுருக்கும் எப். எப். வீ. 1 என்னும் முறை எவர்க்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. 2021 இல் அது முறைப்படியான பொதுத் தரவிபரமாகவும் வெளியிடப்பட்டது. ஆகவே இடமில்லை என்பது இன்று ஒரு சாட்டேயன்றிக் காரணமன்று.

புலம்பெயர்ந்தோர் அனுப்பிய நாடாக்களின் நிலை தனியே குறிப்பிடத்தக்கது. பிரித்தானியா, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே ஆகிய நாடுகளிலிருந்து வந்தவை இலங்கையைப் போன்றே பீ. ஏ. எல். முறையின; பிரான்சின் முறை சீகாம்; கனடாவிலிருந்து வந்தவையோ 525 கோடுகளுடைய என். ரி. எஸ். சி. முறையின. ரொறன்ரோவிலே நடைபெற்ற கல்யாணத்தின் கசற்றை ஊரிலுள்ள டெக்கில் இட்டுப் பார்த்தோர் பலர். பார்க்க முடிந்தமைக்குக் காரணம், பிற்காலத்து டெக்குகள் அச்சைகையை ஒரு கலப்பு வடிவாக்கி வெளிவிட, தொலைக்காட்சிப் பெட்டி அதனை ஏற்றுக்கொண்டமையே. அது 525 கோடுகளும் பீ. ஏ. எல். நிறமும் கொண்ட வடிவம். உலகில் எந்த நாட்டு ஒளிபரப்பிலும் முறையாக வழங்கியதன்று. கப்ச்சர் கருவிகள் பல இதனைக் கண்டு திகைக்கின்றன. நிறமற்ற படம் வருகின்றது, அல்லது படம் உருண்டுகொண்டே இருக்கின்றது. உடனே 'கசற் பழுது' என்று தீர்ப்பு வழங்கப்படுகின்றது. பழுது கசற்றில் இல்லை. என். ரி. எஸ். சி. சைகையை அதன் இயல்பான வடிவிலேயே வெளிவிடும் பன்முறை டெக் ஒன்று இருந்தால் அதே கசற் நிறத்தோடு ஓடும். கடலுக்கு அப்பாலும் இப்பாலும் பிரிந்த குடும்பங்களின் கதையை எழுதப் போவோர், அறியாமையாற் தள்ளப்பட்ட இக்கசற்றுகளை எங்கே தேடுவர்?

ஆகவே கணினி இவ்வேலையில் மிகச் சிறிய பங்காளி. கணினியை நாளையும் வாங்கலாம், நாளை மறுநாளும் வாங்கலாம். டெக்கை வாங்க முடியாது. உலகில் இறுதிவரை வீ. எச். எஸ். டெக் உற்பத்தி செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான பூனாய் 2016 ஜூலையில் அதனை நிறுத்திவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் சோனி நிறுவனம் பீற்றாமக்ஸ் கசற்றுகளை நிறுத்தியது. காந்த நாடாக்களின் ஆபத்தை உணர்த்துதற்கு யுனெஸ்கோ 2019 இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நாடாக்களை வாசிக்கும் கருவிகள் 2025 அளவிலே வழக்கிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிடும் என அவ்வேளை நிபுணர் எச்சரித்தனர். அவ்வாண்டும் வந்துவிட்டது. இந்நிலையிலே, வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பில் 'பாவனைக்குதவாதவை' என எழுதப்பட்டு, உடைந்த கதிரைகளோடு டெக்குகளும் ஏலத்துக்குப் போகின்றன. ஏடுகளை வைத்துக்கொண்டு எழுத்தறிந்தோரை வெளியேற்றுவதற்கு இஃது ஒப்பாகும்.

நாடாவை எறியலாகாது என்பதற்கு அண்மைக்காலத்து முன்னேற்றம் ஒன்று உறுதியான சான்று தருகின்றது. டெக்கின் உட்சுற்றுகள் படத்தை உருவாக்கும் வரை காத்திராது, காந்தத் தலை வாசிக்கும் மூலச் சைகையையே நேரடியாகக் கணினிக்குள் எடுத்து, எஞ்சிய வேலை அனைத்தையும் மென்பொருளாற் செய்யும் முறையொன்றை ஆர்வலர் குழுவினர் வளர்த்து வருகின்றனர். வீ. எச். எஸ். டிகோட் என்பது அதன் பெயர். டெக்கின் குறைகளும் வயரின் குறைகளும் இதிற் பெரும்பகுதி விலகிவிடுகின்றன. பத்தாண்டுகளுக்கு முன் மலிவான பிரதியை எடுத்துவிட்டு நாடாவை வைத்திருந்தவருக்கு இவ்வாய்ப்பு உண்டு, எறிந்தவருக்கு இல்லை.

ஏழைச் சமூகத்துக்கு இவையெல்லாம் கட்டுபடியாகுமா என்பது அடுத்த வினா. உயர்ந்த முறைக்குக் காத்திருந்து ஒன்றும் எடுக்காமல் விடுவதினும் மலிவான பிரதியேனும் எடுப்பது மேல் என்பர் சிலர். இதனை மறுக்க வேண்டியதில்லை. பார்ப்பதற்கும் பகிர்வதற்கும் அத்தகைய பிரதி போதும், எடுக்கட்டும். ஆனால் அதனை மூலத்தின் இடத்தில் அமர்த்தி, மூலத்தைக் களைவதற்கு அதனை அனுமதிச் சீட்டாகக் கொள்ளலாகாது. நாடாவை எறியாதிருப்பதற்குச் செலவு யாது? உலர்ந்த ஓரிடம், நிமிர்த்தி வைக்க ஓர் இறாக்கை. பங்கசு படிந்த நாடாவைத் துப்புரவாக்காமல் டெக்கில் இடாதிருத்தல் வேண்டும். இட்டால் அந்நாடாவும் கெடும், தலைகளும் அழுக்காகும், அடுத்து இடப்படும் நல்ல நாடாவும் கெடும். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை, கவனம் வேண்டும். உயர்ந்த கருவிகளையும் ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டும் என எவரும் கூறவில்லை. ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒழுங்காகப் பராமரிக்கப்படும் இரண்டு டெக்குகளும், ஒரு நேரத் திருத்தியும், தரமான கப்ச்சர் காட் பொருத்திய ஒரு கணினியும் போதும். ஒரு விழாவுக்குப் பந்தல் அலங்காரமும் பொன்னாடையும் வாங்கும் செலவை எண்ணிப் பார்ப்போருக்கு இது பெருந்தொகையாகத் தோன்றாது. அச்சு நூல்களைப் பொறுத்தவரை 2005 முதல் நூலகம் நிறுவனம் செய்துவரும் பணி, அரச உதவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்குக் கண்கூடான சான்று.

வயர் பொருத்துவது கலைப்பீடத்தார் வேலையன்று என்னும் எண்ணமே எல்லாவற்றிலும் பொல்லாதது. சாசனத்தை ஆராயும் மாணவர் கல்லைத் துடைத்துக் காகிதம் ஒற்றி மைப்படி எடுக்கப் பழகுகின்றார். அது கூலியாள் வேலை என எந்த விரிவுரையாளரும் சொல்வதில்லை. படி பிழைத்தால் வாசிப்புப் பிழைக்கும் என்பதை அனைவரும் அறிவர். வீடியோ நாடா மாத்திரம் ஏன் விலக்காயிற்று? அதனைப் பெயர்க்கும் பொறுப்பைக் கூத்தும் தாளமும் அறியாத கடைக்காரரிடம் விட்டுவிட்டு, அவர் தருவதை மூலமெனக் கொண்டு ஆய்வேடு எழுதுவது எவ்வாறு ஆராய்ச்சியாகும்? கடைக்காரரை நொந்து பயனில்லை. அவரிடம் கேட்கப்பட்டது பார்க்கத்தக்க ஒரு படம், அதனை அவர் கொடுத்தார். கேட்டவருக்கே கேட்கத் தெரியவில்லை. சட்டகங்கள் எத்தனை தவறின என்று கேட்டாரா? அரைச் சட்டகங்கள் இரண்டும் உள்ளனவா என்று கேட்டாரா?

தமிழ், நாடகம், நுண்கலை, வரலாறு ஆகிய துறைகளில் ஆய்வேடு எழுதும் மாணவர் வீடியோ நாடாவைச் சான்றாகக் காட்டின், அதன் பெயர்ப்பு விவரத்தையும் இணைக்க வேண்டுமெனத் துறைகள் விதித்தல் வேண்டும்: மூல நாடாவா, நாடாவிலிருந்து எடுத்த நாடாவா, எந்த வகை டெக், எந்தத் துளை வழியே எடுக்கப்பட்டது, நேரத் திருத்தி இடையில் இருந்ததா, தவறிய சட்டகங்கள் எத்தனை, எந்த நாளில், எவர் செய்தது, மூல நாடா இப்பொழுது எங்கே உளது. இவ்வளவையும் எழுத அரைப்பக்கம் போதும். இறுதி வினாவுக்கு 'எறியப்பட்டது' என்பது விடையாயின், அந்த ஆய்வேட்டைப் பரீட்சகர் எவ்வாறு மதிப்பிடுவது என்பதையும் துறைகள் இப்பொழுதே தீர்மானித்துக் கொள்ளட்டும்.